சேலை தின்னியும் சிவந்த சுவரும்

பதினைந்து வயதில் எனக்கு அமிலங்களின் பெயர்கள் அத்தனையும் தலைகீழ்ப் பாடம். பிராணவாயு நிறைய இருந்தால் பெயர் ‘இக்’ என்று முடியும். கொஞ்சம் குறைந்தால் ‘அஸ்’. சல்ஃப்யூரிக், சல்ஃப்யூரஸ், நைட்ரிக், நைட்ரஸ். பிராணவாயுவே இல்லாவிட்டால் முன்னால் ஒரு ‘ஹைட்ரோ’ வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்படி ஒரு ஒழுங்கை யோசித்து வைத்த புண்ணியவான் யாரோ, அவர் மேல் எனக்குக் காதல் என்றே சொல்லலாம். எங்கள் வீட்டில் ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று, கூப்பிடுகிற பெயர் ஒன்று, அம்மாவுக்குக் கோபம் வந்தால் இன்னொன்று. அமிலங்கள் எங்களைவிட ஒழுங்காக வளர்ந்த பிள்ளைகள் என்று நினைத்துக்கொள்வேன். சாந்தோமிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டே போவேன். எதிரே வருகிறவர்கள் ஜெபமாலை சொல்கிற நல்ல பெண் என்று நினைத்திருப்பார்கள்.

ஆனால் ஒரே ஒரு அமிலத்தையாவது நேரில் பார்த்து இன்னது என்று சொல்லத் தெரியுமா என்றால், தெரியாது.

அப்பா வாத்தியார், சித்தப்பா வாத்தியார், அத்தைகள் இருவரும் டீச்சர்கள். தலைமுறை தலைமுறையாகச் சாக்பீஸ் தூள் தின்று வளர்ந்த குடும்பம் எங்களுடையது. நான் மட்டும் டாக்டராவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அப்பா நியாயமானவர். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்தில் கெமிஸ்ட்ரி எடுத்துப் பாஸ் செய்தால் காலேஜில் சயன்ஸ் சேர்க்கிறேன், இல்லாவிட்டால் மறு பேச்சில்லாமல் டீச்சர் டிரெயினிங் என்று சொல்லிவிட்டார். நானும் பெரிய மனுஷி மாதிரி சரி என்று கை கொடுத்தேன். கெமிஸ்ட்ரி என்னை விட்டு எங்கே போய்விடப் போகிறது?

போகப் பார்த்தது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை முடிச்சோடு ஓடியபோது எங்கள் பள்ளியையும் மூடிவிட்டார்கள். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்து திறந்தபோது சயன்ஸ் டீச்சர் திரும்பி வரவில்லை. புருஷனோடு திருச்சியிலேயே தங்கிவிட்டார் என்று கேள்வி. புது டீச்சர் கிடைக்கவில்லை. மாடியில் இருந்த கெமிஸ்ட்ரி அறையைத் திறக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு வியாழக்கிழமை மதர் எங்கள் வகுப்புக்கு வந்தார். தலைமை ஆசிரியையாக இருந்த கன்னியாஸ்திரியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். திங்கட்கிழமை இன்ஸ்பெக்ட்ரஸ் வருகிறார், கெமிஸ்ட்ரி அறை இருக்கிற லட்சணத்தைப் பார்த்தால் ஆறாம் பாரத்துக்கு அந்தப் பாடத்தை அனுமதிக்கவே மாட்டார், எல்லாரும் தையல் எடுத்துக்கொள்ள மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்றார். தையல்! நான் ஊசியில் நூல் கோப்பதற்குள் மற்றவர்கள் கைக்குட்டையே முடித்துவிடுவார்கள். எழுந்து நின்று, “அறையை நாங்களே சரி பண்ணிவிடுகிறோம், மதர்” என்றேன். நாங்களே என்றால் யார் என்று எனக்கே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தோழியின் பின்னலைப் பிடித்து இழுத்தேன். அவளும் எழுந்து நின்றாள்.

அவள் மயிலாப்பூர் மாடவீதிப் பெண். நான் படபடவென்று பொரிகிற ஆள் என்றால் அவள் ஆறின பால். அறைச் சாவி ஆயாவிடம் இருந்தது. ஆயா என்றதும் கிழவி என்று நினைத்துவிட வேண்டாம், முப்பது வயதுகூட இருக்காது. அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து விடிகாலையில் நடந்து வருவாள். கூட்டுவது, மணி அடிப்பது, கெமிஸ்ட்ரி அறையில் கண்ணாடிச் சாமான் கழுவுவது எல்லாம் அவள் வேலை.

கதவைத் திறந்தாள். அலமாரியில் ஒன்றும் இல்லை. ஊரைவிட்டு ஓடும் அவசரத்தில் பாட்டில்களை வைக்கோல் வைத்து ஒரு மரப்பெட்டியில் அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். ஏழு பாட்டில். ஒன்றில்கூட லேபிள் இல்லை. பசையின் ருசிக்காகக் கரப்பான்பூச்சிகள் காகிதத்தைச் சுத்தமாகத் தின்று தீர்த்திருந்தன. ஏழுக்குள்ளும் பச்சைத் தண்ணீர் மாதிரி ஒரே நிறமற்ற திரவம்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாய் நிறையப் பெயர்கள், கை நிறையப் பாட்டில்கள், எது எதற்கென்று தெரியவில்லை.

“இன்னா பாப்பா, பாட்டிலைப் பாத்து அய்துகினு கீறே?” என்றாள் ஆயா. “எல்லாம் நம்ம பாட்டிலுதான். இதுல ஒண்ணு சேலை தின்னி, ஒண்ணு மஞ்சக்கை, ஒண்ணு மூக்குக்குத்தி, ஒண்ணு வழுக்கி…”

“எது எதுன்னு சொல்லுங்க ஆயா!”

“அலமாரில இருந்தா கண்ண மூடிகினு சொல்வேன். இப்ப எடமே மாறிப் பூட்ச்சே. தொறந்து வேலை குடுத்தாத்தான் எது எதுன்னு தெரியும்.”

திறந்து வேலை கொடுப்பதற்கு முன்னால் எது அமிலம், எது காரம் என்றாவது தெரிய வேண்டும். அதற்கு லிட்மஸ் தாள் வேண்டும். யுத்தம் வந்த பிறகு சீமையிலிருந்து லிட்மஸ் வருவது நின்றே போயிருந்தது. பழைய தாள் இருந்த டப்பாவைத் திறந்தால் அதற்குள்ளும் கரப்பான்பூச்சிக் குடும்பம். அப்போது என் தோழி நிதானமாகச் சொன்னாள்: “மஞ்சள் தாள் பண்ணலாமே. காரம் பட்டா செவக்கும்னு டீச்சர் சொல்லியிருக்காளே. ஆத்துல அம்மா நேத்துதான் மஞ்சள் இடிச்சா. நான் கொண்டு வரேன்.”

“எங்க வீட்டிலும் மஞ்சள் இருக்கு. மீன் குழம்புக்கு வாங்கினது.”

“அது வேண்டாம்” என்று அவசரமாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மாலை வெந்நீரில் மஞ்சளைக் கலக்கினோம். வெள்ளை ஒற்றுத்தாளை விரற்கடை அகலத்துக்கு நறுக்கி முக்கி எடுத்தோம். நாற்பது துண்டு. அறையில் காற்று இல்லாததால் மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் வரிசையாக ஒட்டிக் காயப்போட்டோம். சுவர் பளிச்சென்று இருந்தது. இன்ஸ்பெக்ட்ரஸ் வருகிறார் என்று அன்று மத்தியானம்தான் பள்ளி முழுவதும் சுண்ணாம்பு அடித்து முடித்திருந்தார்கள். எவ்வளவு சுத்தமான இடம் கிடைத்தது பார் என்று நான் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

பாடம் படித்தவர்கள் இதற்குள் சிரித்திருப்பீர்கள். எங்களுக்கு அந்தப் புத்தி இல்லை.

சனிக்கிழமை காலையில் மாடியேறினால் நாற்பது தாளும் செக்கச்செவேல் என்று இருந்தன. உரித்து எடுத்தால் சுவரிலும் நாற்பது சிவப்புக் கட்டம். ஈரச் சுண்ணாம்பு தன் வேலையைக் காட்டிவிட்டது. லிட்மஸும் இல்லை, மஞ்சள் தாளும் இல்லை, போதாததற்கு மதர் பார்த்துப் பார்த்து அடித்த வெள்ளைச் சுவரும் பாழ். ஆயா ஓடிப்போய் மீந்த சுண்ணாம்பை எடுத்துவந்து கட்டங்களின் மேல் பூசினாள். கண்ணெதிரே கட்டங்கள் இன்னும் சிவந்தன. “அட, பூச பூச ஏறுதே!” என்று சுண்ணாம்பு மட்டையைக் கீழே போட்டுவிட்டாள்.

நான் அழ ஆரம்பித்தேன். என் தோழி அழவில்லை. ஒரு தாளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது ஆரத்தின்னா!”

“என்னது?”

“மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தா ஆரத்தி. செவப்பாத்தானே இருக்கும்? போன மாசம் அக்கா கல்யாணத்துல அத்தை எலுமிச்சம்பழம் பிழிஞ்சுண்டே பேசிண்டிருந்தா. சாறு ஆரத்தித் தட்டுல விழுந்து எல்லாம் மறுபடி மஞ்சளாயிடுத்து. அபசகுனம்னு ஒரே சத்தம்.”

ஒரு நிமிஷம் ஆயிற்று எனக்கு உறைக்க. பிறகு அவளைப் பிடித்துக்கொண்டு அந்த மாடியில் ஒரு சுற்றுச் சுற்றினேன் பாருங்கள், இன்றைக்கும் என் முழங்கால்கள் அதை ஞாபகம் வைத்திருக்கின்றன. மஞ்சள் தாள் காரத்தை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். அமிலத்தில் போட்டாலும் தண்ணீரில் போட்டாலும் தேமே என்று மஞ்சளாகவே இருக்கும். அந்தக் குறை அதுவரை எங்கள் புத்தியில் ஏறவே இல்லை. ஆனால் சிவந்த தாள்? எலுமிச்சைச் சாற்றில் மஞ்சளாகத் திரும்புமென்றால் எந்த அமிலத்திலும் திரும்பும்! சுவரைக் கெடுத்து நாங்கள் செய்த முட்டாள்தனம், எங்களிடம் இல்லாத தாளை நாற்பதாகச் செய்து கொடுத்திருந்தது.

மிச்சம் இருந்த மஞ்சளில் இன்னும் பத்துத் தாள் முக்கினோம். இந்தத் தடவை கொடியில் காயப்போட்டோம்.

டீச்சர் சொல்லியிருந்த ஒரு விஷயம் நல்லவேளையாக மறக்கவில்லை: தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும், அமிலத்தில் தண்ணீரை விடக் கூடாது. ஏழு கிண்ணங்களில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, கண்ணாடிக் குச்சியால் ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் ஒரு சொட்டு விட்டோம். முதல் கிண்ணத்தில் சிவப்புத் தாளைப் போட்டேன். ஓரத்திலிருந்து மஞ்சள் ஊர்ந்து உள்ளே வந்தது. “அமிலம்!” என்று நான் போட்ட சத்தத்தில் கீழே பூப்பறித்துக்கொண்டிருந்த சிஸ்டர் அண்ணாந்து பார்த்தார். இரண்டாவது மாறவில்லை, மஞ்சள் தாளைப் போட்டதும் சிவந்தது. “காரம்!” மூன்று அமிலம், மூன்று காரம் ஆயிற்று. ஏழாவது இரண்டு தாளையும் கண்டுகொள்ளவில்லை. அது வெறும் தண்ணீர்.

அமிலம் என்று தெரிந்தது; எந்த அமிலம்? அங்கே என் ‘இக்’கும் ‘அஸ்’ஸும் செல்லுபடியாகவில்லை. ஆயா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“இப்ப வேலை குடு” என்றாள்.

மூன்று அமிலங்களையும் திறக்கச் சொன்னாள். ஒன்று நன்றாகப் புகைந்தது. மூக்கைக் குத்துகிற காரத்தின் மூடியை எடுத்து அதன் பக்கத்தில் காட்டினாள். இரண்டுக்கும் நடுவில் வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. “இதுங்க ரெண்டுத்துக்கும் ஆவாது. கிட்ட வெச்சா சண்டை போட்டுகினே கெடக்கும். அத்தொட்டு நான் மேல் தட்டுல ஒண்ணு, கீழ் தட்டுல ஒண்ணு வெப்பேன்.” ஹைட்ரோகுளோரிக் அமிலம், அம்மோனியா என்று நான் சத்தம் போட்டுச் சொன்னேன். மாடியில் கிடந்த வெள்ளைப் புறா இறகு ஒன்றைப் பொறுக்கி வந்து, மீதி இரண்டு அமிலங்களிலும் தொட்டாள். ஒன்றில் இறகு மஞ்சளாயிற்று. “மஞ்சக்கை. பட்டா தோலு உரியற வரிக்கும் போவாது, பாரு” என்று தன் விரல் நுனியைக் காட்டினாள். புத்தகத்தில் நைட்ரிக் அமிலம்! கடைசி அமிலத்தில் ஒரு சொட்டைப் பழந்துணியில் விட்டாள். ஒன்றும் ஆகவில்லை. சிரித்துக்கொண்டே துணியைத் தண்ணீரில் அலசிப் பிழிந்து என் முகத்துக்கு நேரே விரித்தாள். ஓட்டை வழியாக அவள் கண் தெரிந்தது.

“சேலை தின்னி. பட்ட அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. தொவைச்சாத்தான் தெரியும் தின்னது.”

சல்ஃப்யூரிக் அமிலம்! நான் எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பேன் அந்தப் பெயரை! அது ஒரு சேலையைத் தின்னும் என்று எனக்கு யாரும் சொல்லவே இல்லை.

காரங்களில் மிச்சம் இரண்டு. பப்பாளி இலைக் காம்பைக் குழலாக வைத்து ஊதியபோது பால் மாதிரி வெளுத்தது சுண்ணாம்புத் தண்ணீர். கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டால் சோப்பு போல வழுக்கியது காஸ்டிக் சோடா, ஆயாவின் வழுக்கி. என் தோழியின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். புது லேபிள் எல்லாம் அவளே எழுதினாள், ஆயா பாட்டில்களை அலமாரியில் பழைய இடத்திலேயே அடுக்கினாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் என் விரல்கள் மஞ்சளாக இருப்பதைப் பார்த்து அம்மா கிள்ளினாள். எனக்கு வலிக்கவே இல்லை.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்ட்ரஸ் வந்தார். கதர்ச் சேலை, தடித்த கண்ணாடி, சிரிக்காத முகம். நாங்கள் பாட்டில்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். சுவரை மறந்தே போனோம். அவர் படியேறி வந்ததும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். நாற்பது சிவப்புக் கட்டம், அதன் மேல் ஆயாவின் மட்டை இழுத்த சிவப்புக் கோடுகள். மதரின் முகம் அந்தச் சுவர் இருந்திருக்க வேண்டிய நிறத்துக்கு வந்தது.

“யார் செய்த வேலை இது?”

முடிந்தது கதை, தையல்தான் என்று நினைத்தேன். பக்கத்தில் பின்னல் இல்லை பிடித்து இழுக்க. என் தோழி அறைக்குள் இருந்தாள். கையைத் தூக்கினேன். வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்க நினைத்தேன், வந்தது வேறு. ஆரத்தி, சுண்ணாம்பு, கரப்பான்பூச்சி எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கொட்டியது. பேசிக்கொண்டே, கிண்ணங்களின் கறையை எடுக்க ஆயா அங்கே வைத்திருந்த எலுமிச்சை மூடியை எடுத்து ஒரு கட்டத்தின் மேல் தேய்த்தேன். சுவர் சின்னதாக நுரைத்து மஞ்சளாயிற்று. இன்ஸ்பெக்ட்ரஸ் குனிந்து கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.

“உள்ளே வா” என்றார்.

உள்ளே போனதும் ஒரு பாட்டிலை எடுத்து லேபிளைக் கையால் மறைத்துக்கொண்டார். “இது என்ன?” அதை எடுத்த இடத்தைப் பார்த்தேன். தெரிந்தது. சொல்ல வேண்டிய பெயர் எனக்கு ஐந்து வயதுப் பிள்ளைக்கு ‘அ’ தெரிகிற மாதிரித் தெரியும். நாக்கு சொன்னது: “சேலை தின்னி!”

பின்னாலிருந்த பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். மதர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டதாக என் தோழி பிற்பாடு சத்தியம் செய்தாள்.

“எந்தப் புத்தகத்தில் இருக்கிறது அந்தப் பெயர்?”

புத்தகத்தில் இல்லை என்று சொல்லி, கதவுக்குப் பின்னால் நின்ற ஆயாவைக் காட்டினேன். அவளை உள்ளே கூப்பிட்டார்கள். பயந்துவிட்டாள் பாவம். தன் சேலைக் கரையில் ஒட்டுப்போட்ட இடத்தைக் காட்டி, “தின்னுச்சு, அத்தான் அந்தப் பேரு வெச்சேன். தப்பாம்மா?” என்றாள்.

இன்ஸ்பெக்ட்ரஸ் ஒட்டுப்போட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்தார். “தப்பு ஒண்ணும் இல்லை. புத்தகம் அது எதனால் ஆனதுன்னு பார்த்துப் பேர் வெச்சிருக்கு. நீ அது என்ன பண்ணுதுன்னு பார்த்து வெச்சிருக்கே. எங்கே, மத்ததுக்கும் சொல்லு.”

பிறகு நடந்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் பாட்டிலைத் தூக்குவார். ஆயா “மஞ்சக்கை” என்பாள், நான் “நைட்ரிக் அமிலம்” என்பேன். “மூக்குக்குத்தி!” “அம்மோனியா!” “வழுக்கி!” “சோடியம் ஹைட்ராக்சைடு!” இரண்டு பேருக்கும் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. ஏழாவது பாட்டிலைத் தூக்கியதும் ஆயா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் “தண்ணி!” என்று கத்தினோம். அப்போதுதான் அந்த அம்மாள் சிரித்தார். போகும்போது ஒரு சிவப்புத் தாளைக் கேட்டு வாங்கித் தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து அனுமதி வந்தது. ஆறாம் பாரத்துக்குக் கெமிஸ்ட்ரி உண்டு, புது டீச்சரும் உண்டு. அப்பா படிவத்தில் கையெழுத்துப் போட்டபோது பேனாவில் மை தீர்ந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

புது வகுப்பின் முதல் செய்முறை நாளில், அவசரக்குடுக்கையான நான் சிந்திவிட்ட ஒரு சொட்டு என் தாவணியில் பட்டது. அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் அம்மா துவைத்துக் கொடியில் போட்டபோது, கடலைப்பருப்பு அளவு ஓட்டை வழியாக ஆகாயம் தெரிந்தது. அம்மா திட்டிக்கொண்டே ஊசியும் நூலும் எடுத்து வந்தாள். நான் தாவணியை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். அப்படியே கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ஆயா மணி அடிக்கப் போய்க்கொண்டிருந்தவள், என் தோளைப் பார்த்ததும் நின்றாள். ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டு ஆட்டினாள்.

“உன்னுதையும் தின்னுட்ச்சா?”

“தின்னுடுச்சு ஆயா!” என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே போய் மணி அடித்தாள். முதல் பாடம் கெமிஸ்ட்ரி.